விடுபட்ட பெயரல்ல, விட்ட பெயர்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி ஒன்பது வருடமாகிறது. மூன்று தடவை கொப்பி வாங்கினேன். முதல் கொப்பியில் பிள்ளையார் சுழி மட்டும் போட்டேன். அதை மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவதில் அரைப் பக்கம் எழுதி வாசித்துப் பார்த்தேன். அதில் நான் நல்லவனாக இருந்தேன். கிழித்து அடுப்பில் போட்டேன். இது மூன்றாவது கொப்பி.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். நயினாதீவில் கொஞ்சத் தோட்டம், கொஞ்சப் பனை, மற்றும்படி கூட்டுறவுச் சங்கக்கடை வேலை. காலையில் அம்மாளாச்சியின் கோயில் வாசலில் நின்று திருநீறு பூசாமல் எந்த வேலையும் தொடங்குவதில்லை. இதைப் பெருமைக்கு எழுதவில்லை. அப்படிப்பட்ட ஒருவன்தான் இதைச் செய்தான் என்பது தெரியவேண்டும்.

இதில் ஒருவருடைய பெயரும் வராது. என் பேனை ஒருமுறை ஒருத்தியின் பெயரை மட்டும் வெளியே தள்ளியது. இந்த முறை எல்லாருடைய பெயரும் வெளியே நிற்கட்டும், என்னுடையதும் சேர்த்து.

நாங்கள் மூன்று பிள்ளைகள். நான் மூத்தவன். எனக்கு அடுத்த தம்பி வெளிநாட்டில். கடைசி தங்கச்சி. அவள் ஊர்காவற்றுறையில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்தாள். அங்கேயே ஒருவரை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் வேதக்காரர், தேவாலயத்துக்கும் கடலுக்கும் போகிறவர். செய்வதற்கு முன்பே கடிதம் எழுதித்தான் செய்தாள். ஒளிக்கவில்லை. அப்பா கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் சொல்லாததையெல்லாம் நான் சொன்னேன். ஊருக்குள் கேட்டவர்களுக்கு, கேளாதவர்களுக்கும், எங்களுக்கு இனித் தங்கச்சி இல்லை என்றேன்.

இரண்டு வருடம் கழித்து அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு துண்டு துண்டாகத்தான் வரும். ஒரு சொல் வரும், அடுத்தது வராது. விறாந்தையில் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தோம். கேள்விப்பட்டுத் தங்கச்சி குறிகட்டுவான் துறையில் முதல் லாஞ்சிப் படகு எடுத்து வந்தாள். வேலி வாசல் படலைக்கு வெளியே, கையில் தோடம்பழப் பையோடு நின்றாள். நான் வாசற்படியில் நின்றேன். அம்மா அப்பாவின் தலைமாட்டில் இருந்தார்.

அப்பா அவளைக் கண்டார். ஏலக்கூடிய இடக்கையை உயர்த்தினார்.

"அவளை... விடு."

அவ்வளவுதான் வந்தது.

கைவிடு என்றும் எடுக்கலாம். உள்ளே விடு என்றும் எடுக்கலாம். நடுவில் இருந்த சொல் அப்பாவின் வாயைவிட்டு வரவில்லை. ஆனால் கை வந்தது. அந்தக் கை படலைப் பக்கம் போகவில்லை. தன் கட்டில் சட்டத்தைத் தட்டியது, இங்கே, இங்கே என்பதுபோல. நான் கையைப் பார்த்தேன். வடிவாகப் பார்த்தேன். பார்த்துவிட்டும் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு படலைக்குப் போனேன்.

"கேட்டனீர்தானே? அப்பா உம்மை விடச் சொல்லிப்போட்டார். போம்."

பிறந்த நாளிலிருந்து அவளை நீ என்றுதான் கூப்பிட்டவன். அன்றைக்கு நீர் என்றேன். பக்கத்து வீட்டு ஆட்களோடு பேசுவதுபோல மரியாதையாகப் பேசித் தள்ளினேன். அவள் அழவில்லை. தோடம்பழப் பையைப் படலைக் கட்டையில் கொழுவிவிட்டுப் போனாள். எடுக்கவேண்டாம் என்றேன். ஒருவரும் எடுக்கவில்லை. காகம் கொத்தியது.

அப்பா அடுத்த கிழமை மோசம்போனார். மரண அறிவித்தலில் அன்புத் தந்தை என்ற இடத்தில் இரண்டு பெயர்தான் போட்டேன். ஒலிபெருக்கி கட்டின வாகனம் அந்த இரண்டு பெயரையும் சொல்லிக்கொண்டு தீவு முழுக்கச் சுற்றியது. தங்கச்சி வந்திருந்தாள். வேலிக்கு வெளியே அயல் வீட்டுப் பெண்களோடு நின்று, பாடை போனதும் போய்விட்டாள். நான் கண்டும் காணாதவன்போல நின்றேன்.

பிறகு கல்வெட்டு. எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். இறந்தவரின் படம், தேவாரம், அவருடைய வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கடைசிப் பக்கத்தில் குடும்ப வழி. பாட்டனிலிருந்து கீழே கோடு கோடாக இறங்கி, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு பெயர் இருக்கும். அதைத்தான் கல்வெட்டு என்போம். கடுதாசிதான். ஆனால் கல்லில் வெட்டினதுபோல ஒவ்வொரு வீட்டிலும் சாமியறையில், அலுமாரியில், இறங்குப்பெட்டியில் கிடக்கும். சம்பந்தம் பேசப் போனால் அதைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள்.

யாழ்ப்பாணத்தில் அச்சகக்காரருக்கு நான் முதலில் கொடுத்த தாளில் மூன்று பேருடைய பெயரும் இருந்தது. அது அம்மா சொல்லி எழுதுவித்தது. சரிபார்க்க ஒப்புத்தாள் தந்தபோது, மூன்றாம் பெயரைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அச்சகக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"அண்ணை, உள்ளுக்கு மூண்டு பிள்ளையள் எண்டு கிடக்கு. இஞ்ச ரண்டாக்கிறியள். நாளைக்கு ஆரும் கேட்டால் நான் விட்டதெண்டு சொல்லுவினம். இது விடுபட்டதோ, விட்டதோ?"

"விட்டது," என்றேன். "மூண்டை ரண்டாக்கும்."

ஒருவரைத் துறப்பதென்றால் அழுகையும் சத்தமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியொன்றுமில்லை. மேசையில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தாள் பறக்காமல் நான் முழங்கையால் அழுத்திக்கொண்டு கோடு கீறினேன். முடிந்தது.

அவர் பெயரை எடுத்துவிட்டார். கோட்டை எடுக்க மறந்துவிட்டார்.

அந்தியேட்டி அன்று புத்தகம் பந்தியில் கைமாறிய பிறகுதான் நானும் கண்டேன். அப்பா அம்மா பெயருக்குக் கீழே மூன்று கோடுகள். இரண்டின் நுனியில் பெயர். மூன்றாவது சும்மா தொங்கியது. பெரியப்பாவின் மகன், எனக்கு மூத்தவர், எங்கள் பகுதியில் நல்லது கெட்டதுக்கு முன்னுக்கு நிற்பவர், கடைசிப் பக்கத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"என்னடாப்பா, இதில ஒரு கோடு வேலையில்லாமல் தொங்குது?"

பந்தி முழுக்கக் கை நிறுத்திவிட்டுப் பார்த்தது. விட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

"அச்சுப்பிழை அண்ணை."

"அச்சுப்பிழையாம்!" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "உந்தப் பெடியளுக்கு என்ன தெரியும். ரசத்தை விடு."

எல்லாருக்கும் அந்தச் சொல் பிடித்துப்போனது. கேட்க வசதி, சொல்ல வசதி. விடுபட்டுப் போச்சாம் என்று ஊர் கதைத்தது. நானும் அதற்குள் போய்க் குந்திக்கொண்டேன். அப்பாவின் சொல்லை ஒரு பக்கம் திருப்பினேன், அச்சகக்காரரின் தலையில் மற்றதைப் போட்டேன். தங்கச்சியை விட்டவன் என்ற பெயர்கூட எனக்கு வராமல் பார்த்துக்கொண்டேன்.

அம்மா வெள்ளிக்கிழமைகளில் சாமியறையில் அப்பாவின் கல்வெட்டைக் கடைசிப் பக்கத்தில் விரித்து ஒரு நந்தியாவட்டைப் பூ வைப்பார். ஒருநாள் என் மனைவி பூவை அப்பாவின் பெயருக்கு மேலே எடுத்து வைத்தாள். அம்மா குனிந்து, அதைப் பழையபடி அந்த வெறுங்கோட்டின் நுனிக்கு நகர்த்தினார். "அதின்ர இடம் அது, பிள்ளை," என்றார். நான் கதவடியில் நின்றேன். உள்ளே போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவின் முழங்கால் இரண்டும் விட்டுவிட்டன. இனி லாஞ்சியில் ஏற்ற ஏலாது என்று ஆகிவிட்டது. தங்கச்சி இங்கே வந்தாலன்றி அம்மா அவளைக் காணப் போவதில்லை. இது எனக்குத் தெரிந்தும் இன்னும் ஒரு வருடம் போக்கினேன்.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். ஐயர் வழக்கம்போல, "பேர், நட்சத்திரம்," என்றார். நானும் வழக்கம்போல அம்மா, நான், மனைவி, பிள்ளைகள், தம்பி என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு போனேன். சின்ன வயதில் அம்மா என்னைத்தான் தட்டோடு அனுப்புவார். வீட்டுப் பட்டியல் அப்போது தம்பியோடு முடியாது. நாக்குக்கு அந்தப் பழைய வழி தெரிந்திருந்தது. தம்பிக்குப் பிறகு தங்கச்சியின் பெயரைச் சொல்லி, கார்த்திகை நட்சத்திரம் என்று முடித்துவிட்டது.

திடுக்கிட்டு நிமிர முன் ஐயர் உள்ளே போய்விட்டார். மணிச் சத்தத்துக்குள் அவளுடைய பெயர் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தட்டை நீட்டியபோது கேட்டேன்.

"ஐயா, அந்தக் கடைசிப் பேர்... வாய் தவறிச் சொல்லிப்போட்டன். அதை எடுக்க ஏலாதோ?"

ஐயர் என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எடுக்கிறதோ? அம்மாளின்ர காதில போட்டாச்சு. நான் இனி உள்ளுக்குப் போய் அழிறப்பராலை தேய்க்கிறதே?" என்றார். பிறகு குரலை இறக்கி, "இவ்வளவு நாளும் ஒரு நட்சத்திரம் குறையுது, குறையுது எண்டு நானும் பாத்துக்கொண்டுதான் இருந்தனான். தட்டைப் பிடியும்," என்றார்.

கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டேன். எழும்பும்போது முடிவு இருந்தது. வீட்டுக்குக்கூடப் போகவில்லை. திருநீற்றுப் பூச்சோடு லாஞ்சி ஏறி, குறிகட்டுவானில் பஸ் எடுத்து, வேலணையில் மாறி, ஊர்காவற்றுறைக்குப் போனேன். விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவளுடைய மனிசன் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னை முன்பின் கண்டதில்லை. தங்கச்சியின் முகச்சாயலைக் கண்டுபிடித்தாரோ என்னவோ, எழும்பி, "வாங்கோ மச்சான், இருங்கோ," என்று கதிரையை நிழலுக்கு இழுத்துப் போட்டுவிட்டு, வலையோடு பின்பக்கம் போய்விட்டார். தங்கச்சி குசினியிலிருந்து வந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

"என்ன அண்ணை, வீடு மாறி வந்திட்டியளோ?"

"அம்மாவுக்கு ஏலாது. வந்து பாக்க வேணும்."

"ஆர் வாறது? நானோ? உங்களுக்குத்தான் தங்கச்சி இல்லையே."

"படலை திறந்திருக்கு. வா."

நீ என்று வந்துவிட்டது. அவள் அதைக் கவனித்தாள். முகம் ஒரு கணம் மாறியது. பிறகு உள்ளே போய் அப்பாவின் கல்வெட்டைக் கொண்டுவந்தாள். எங்கள் ஊரில் யாரோ அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தை எனக்கு முன்னால் விரித்தாள்.

"இது என்ன?"

"கோடு."

"இது நான். இதைப் பற்றி ஊருக்கு என்ன சொன்னனீங்கள்?"

நான் அந்தக் கோட்டையே பார்த்தேன்.

"அச்சுப்பிழை. என்ன? நான் செய்தது உங்களுக்குப் பிடிக்கேல்லை, சரி. விட்டனீங்கள், அதுவும் சரி. நான் ஒளிச்சுக் கலியாணம் கட்டேல்லை, கடிதம் எழுதிப்போட்டுத்தான் கட்டினனான். நீங்களும் விட்டதை விட்டனான் எண்டு சொல்லியிருக்கலாம். ஆரோ ஒரு மனிசன்ரை தலையில போட்டியள். ஒரு பிழையாக்கூட என்னை நீங்கள் வைச்சிருக்கேல்லை, இன்னொருத்தன்ரை பிழையா ஆக்கிப்போட்டியள்."

உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தாள்.

"எனக்கு ஆசையில்லை எண்டில்லை. அம்மாவைப் பாக்க ஒவ்வொரு நாளும் ஆசை," என்றாள். "ஆனால் பின்கதவாலை வரமாட்டன். எத்தினை வீட்டில அச்சுப்பிழை எண்டனீங்களோ, அத்தினை வீட்டிலையும் போய் நான்தான் விட்டனான் எண்டு சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு ஆளனுப்புங்கோ. அண்டைக்கே வாறன்."

அப்போதுதான் படலையில் நடந்ததையும் சொன்னேன். அப்பாவின் கை எங்கே தட்டியது என்று சொன்னேன். அவள் கல்வெட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதையும் சொல்லுங்கோ," என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த நாளே தொடங்கினேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏச்சுப் பேச்சு ஒன்றுமில்லாமல் கேட்டிருந்துவிட்டு, "இஞ்சருங்கோ, ரண்டு பேனையாக் கொண்டுபோங்கோ. தங்கச்சியின்ரை பேர் நீளம்," என்றாள்.

எப்படிச் சொல்வதென்று வழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். முதல் வீட்டு அக்கா கல்வெட்டைச் சீலைகளுக்கு அடியிலிருந்து எடுத்துவந்தார்.

"அக்கா, இதில இருக்கிறது அச்சுப்பிழையில்லை. நான்தான் விட்டனான். அப்பா அவளை உள்ளுக்கு விடச் சொன்னதையும் நான்தான் மாத்திச் சொன்னனான். இப்ப பேரை எழுதவோ?"

அக்கா வாயில் கைவைத்தார். பிறகு, "நில்லும், கீழ வைச்சு எழுத ஒரு தட்டு எடுத்துத் தாறன்," என்றார்.

எல்லா வீடும் அப்படியில்லை. ஒரு வீட்டில், "ஏன் தம்பி, தங்கச்சியின்ரை மனிசன் கனடாவுக்குப் போட்டாரோ, காசு வருகுதோ?" என்றார்கள். ஒரு வீட்டில் புத்தகத்தைத் தரவே இல்லை. ஒரு வீட்டில் அது எப்போதோ கறையான் அரித்துப்போயிற்று. அங்கும் நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். எழுத இடமில்லாவிட்டாலும் சொல்ல இடமிருந்தது. வெளிநாட்டுக்குப் போனவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். தம்பிக்கும் சொன்னேன். "அப்பா விடச் சொன்னவர் எண்டு என்னட்டையும் பொய்யே சொன்னனீங்கள்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான். இரண்டு நாள் கழித்துத் தானாக எடுத்தான். அச்சகத்துக்கும் போனேன். அந்த மனிசருக்குக் கோடு ஞாபகமில்லை, நான் ஞாபகம். "விட்டதெண்டு சொன்ன அண்ணையெல்லோ," என்றார்.

மேற்குக் கரைப் பக்கம் ஒரு வீட்டில், என் வகுப்பில் படித்த ஒருத்தி கல்வெட்டைக் கொண்டுவந்து கையில் தந்தாள். கடைசிப் பக்கத்தை விரித்தேன். கோட்டின் நுனியில் பென்சிலால், முத்து முத்தான எழுத்தில், தங்கச்சியின் பெயர் ஏற்கெனவே இருந்தது. பென்சில் மங்கிப்போயிருந்தது. புதிதாக எழுதியதில்லை.

"இது ஆர் எழுதினது?"

"நான்தான். பந்தியால வந்த அண்டைக்கே எழுதினனான். உவன் விட்டால் நாங்களும் விடோணுமே எண்டு."

அவளுடைய முற்றத்தில் குந்திவிட்டேன். இந்தத் தீவின் வீடுகளிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டேன் என்று அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இங்கே அது அந்தியேட்டி அன்றிலிருந்தே இருந்திருக்கிறது. "பென்சில் அழிஞ்சிடும், பேனையால மேல எழுதிவிடும்," என்றாள். எழுதினேன்.

கடைசியாகப் பெரியப்பாவின் மகன் வீடு. வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தேன், பயம்தான். அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டுப் பொரிந்துகொண்டிருந்தார்.

"உனக்கென்ன விசரே? அச்சுப்பிழை எண்டு நல்லவடிவா மூடிக் கிடந்ததை வீடு வீடாத் திறந்துகொண்டு திரியிறாய். பேரை எழுதோணுமெண்டால் எழுது. விடுபட்டதைச் சேர்த்தனான் எண்டு சொல்லு. நீ விட்டனி எண்டு ஏன் சொல்லுறாய்? அது எங்கட குடும்பத்துக்கெல்லோ அவமானம்."

"அவமானந்தான் அண்ணை. ஆனால் என்ரை. அச்சகக்காரன்ரை இல்லை, அப்பான்ரை இல்லை, உங்கட இல்லை. விடுபட்டதெண்டு சொன்னால் நான் அவளைத் திரும்ப விட்டதாப் போயிடும்."

"பேர் எழுதினால் இஞ்ச கால் வைக்காதை."

"எழுதாமல் இஞ்சயிருந்து போகமாட்டன்."

முற்றத்திலேயே நின்றேன். வெயில் ஏறியது. அண்ணி இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். மூன்றாம் தரம் கல்வெட்டோடு வெளியே வந்து, தன் மனிசனுக்கு முன்னாலேயே என் கையில் தந்தார். "அவளுக்குப் பிள்ளை பிறந்த நேரம் நானும்தான் போய்ப் பாத்தனான். எழுதும்," என்றார். எழுதினேன். அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. அது அவர் பாடு.

அன்று பின்னேரமே தங்கச்சிக்கு ஆளனுப்பினேன். சொன்னபடி அடுத்த நாள் காலை வந்தாள், மனிசனோடும் பிள்ளைகளோடும். படலையடியில் அவள் நின்றாள். பழைய இடம். நான் வாசற்படியை விட்டிறங்கிப் போய்த் திறந்தேன். அவள் கையில் தோடம்பழப் பை இருந்தது. என்னிடம் தந்தாள். வாங்கினேன்.

அம்மா கட்டிலில் எழும்பி உட்கார்ந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் தடவினார். "மெலிஞ்சு போனாய்," என்றார். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு சொன்ன முதல் சொல் அதுதான். பிறகு என்னைப் பார்த்து, "அவர் உள்ளுக்கு விடத்தான் சொன்னவர்," என்றார். "தெரியும் அம்மா," என்றேன். "உனக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும்," என்றார்.

எங்கள் வீட்டுக் கல்வெட்டில் மட்டும் நான் இன்னும் எழுதியிருக்கவில்லை. சாமியறையிலிருந்து எடுத்து, பேனையைத் தங்கச்சியிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"விட்டது நீங்கள். நீங்கள்தான் எழுதோணும்."

அம்மாவின் பூவை ஒதுக்கிவைத்து எழுதினேன். மனைவி சொன்னது சரிதான். பெயர் நீளம். ஓரத்தில் இடம் காணாமல் கடைசி எழுத்து சற்று வளைந்து இறங்கியது. அப்படியே இருக்கிறது.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பிடித்தால் இன்னொருவருக்குக் கொடுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிரதி எடுப்பதானால் எடுங்கள். ஆனால் உள்ளதை உள்ளபடி கொடுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஓரிடத்திலும் மெதுவாக்க வேண்டாம். நான் விட்டேன் என்று எழுதியிருக்கும் இடத்தில் விடுபட்டது என்று ஒருவரும் திருத்திவிட வேண்டாம். அம்மாளாச்சியின் பெயரால் கேட்கிறேன், அந்தச் சொல் அப்படியே போகட்டும்.